வந்தது அனில்தான்

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு கோடவுனில் வேலை பார்க்கும் முப்பிடாதிக்கு ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடும் பழக்கம் உண்டு. நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இது நல்லது, இது சொத்தை என்று சுக்கைப் பிரித்துப் போடுகிறவள் அவள். சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வருவாள். கண்ணைக் கழுவ முடியாதே. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் முதல், மகளைப் பெண் பார்க்க வருகிறவன் வரை எல்லாரையும் ஒரே பார்வையில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுவாள். பாதி நேரம் தப்பாகத்தான் தள்ளுவாள். அதை அவளிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது, ஏனென்றால் வருஷத்தில் ஒரு நாள் அவள் அம்மன்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் சுள்ளிக்கல்லைச் சுற்றி நிறைய இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் மாவு ஆட்டுகிறவர்கள், காய்கறிக் கடை போட்டவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. அவர்களில் யாரோ ஒருத்தர் ஊரிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, மட்டாஞ்சேரிச் சந்து ஒன்றில் முத்தாரம்மனுக்கு ஆள் குனிந்து நுழைகிற அளவில் ஒரு கோயில் கட்டினார். சித்திரை மாதம் அங்கே கொடைத் திருவிழா நடக்கும். நடுமத்தியானத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது முப்பிடாதி மேல் அம்மன் இறங்குவாள். வேப்பிலையைப் பிடித்து ஆடி, குறி சொல்லி, திருநீறு கொடுப்பாள். நடிப்பெல்லாம் இல்லை. அந்த நேரம் எப்படி இருக்கும் என்று கேட்டால், குளத்துக்குள் முங்கிக் கிடக்கிற மாதிரி சத்தமெல்லாம் எங்கேயோ கேட்கும் என்பாள். கல்யாணமாகி கொச்சிக்கு வந்த முதல் வருஷமே இது தொடங்கிவிட்டது. மறுநாள் காலையில் வழக்கம்போல கோடவுனுக்குப் போய் முறத்தை எடுத்துவிடுவாள்.

முன்பெல்லாம் கொடைக்கு ஊரிலிருந்து நையாண்டி மேளம் வரும். இப்போது அவர்களுக்கு வண்டி வைத்து, தங்க இடம் பார்த்துக் கட்டுப்படியாகவில்லை என்று, கோயில் கமிட்டித் தலைவர் பாண்டித்துரை அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். எதற்கும் மலிவாக ஒரு வழி வைத்திருப்பார். சவுண்ட் சர்வீஸ் அனிலைக் கூப்பிட்டு, பதிவு செய்த மேளத்தைப் பெரிய பாக்ஸில் போட வைத்துவிட்டார். ஆக, சில வருஷங்களாக முத்தாரம்மனைக் கூப்பிடுகிற மேளம் அனிலின் பென்டிரைவில்தான் இருக்கிறது. அந்த அனிலைத்தான் கோயில் பக்கம் அண்ட விடுவதில்லை.

அவன் தோற்றம் அப்படி. முடிக்குச் செம்புக் கலரில் சாயம், காதில் கடுக்கன், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்திய மண்டை ஓடு. வாயில் பீடி, பீடி இல்லாத நேரத்தில் ஒரு கோலா பாட்டில். அந்தப் பாட்டிலுக்குள் கோலா மட்டும்தான் இருக்கிறது என்று நம்புகிற அப்பாவி யாரும் அந்தச் சந்தில் இல்லை. "விரதம் இருக்கிற இடத்துல இவன் மூச்சுக் காத்து படக்கூடாது" என்று சொல்லி, ஸ்பீக்கருக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டச் சொன்னதே முப்பிடாதிதான். அவளுடைய கணக்கில் அவன் சொத்தைப் பக்கம். மலையாளியான அவனுக்கு மேளத்துக்கு எப்போது சத்தம் கூட்ட வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும் என்பதால், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

போன வருஷக் கொடைக்குச் சில மாதம் முன்பு முப்பிடாதிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிய வந்தது. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கொடைக்கு முந்தின ராத்திரியிலிருந்து அம்மன் மலையேறுகிற வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் படக்கூடாது என்பது கோயில் முறை. முப்பிடாதி டாக்டரையும் பகைக்கவில்லை, அம்மனையும் பகைக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஈரச் சேலையோடு கோயிலில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேர் சொன்னதையும் ஒழுங்காகக் கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிம்மதி வேறு.

மத்தியானம் மேளம் வேகம் எடுத்தது. அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வேர்வை ஆறாக வழிந்தது, கண் சொருகியது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், யாரோ மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். வந்திருப்பது அம்மன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மன் வரும்போது பயம் இருக்காது. இப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது, நாக்கு கட்டையாகிவிட்டது, எதிரே நிற்கிற முகங்கள் கரைந்து கரைந்து தெரிந்தன. செத்துவிடுவோம் என்று தோன்றியது.

"பேசு தாயி. என்ன குறை வெச்சோம், சொல்லு தாயி" என்று பாண்டித்துரை அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார்.

கட்டின புருஷன் ஆனந்தகுமார், கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறவர், கை கூப்பி, "வண்டி இஞ்சின் இந்த வருஷமாவது ஒழுங்கா ஓடுமா தாயே?" என்று கேட்டார். பெற்ற மகள் பாண்டிச்செல்வி முழங்காலில் நின்று, "கலூர் கடையில என்னைப் பெர்மனென்ட் ஆக்குவாங்களா?" என்று கேட்டாள். காலையில் 'மாத்திரை போட்டீங்களாம்மா' என்று கேட்டு அனுப்பிய அதே மகள்தான்.

நான்தான் முப்பிடாதி, எனக்கு என்னமோ பண்ணுது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஒரு முனகல்தான் வந்தது. அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று மறுபடியும் குலவை எழுந்தது. சந்து கொள்ளாத கூட்டம் அவளைச் சுற்றி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை.

அப்போது மேளம் நின்றது.

அம்மன் ஆடும்போது மேளத்தை நிறுத்துவது என்றால் கேள்விப்படாத அக்கிரமம். எல்லாரும் திரும்பினார்கள். அனில் கயிற்றைத் தாண்டி, காலில் செருப்போடு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். மஞ்சள் தண்ணீர்ச் சேற்றில் அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"சேச்சி, வய்யே?"

முடியவில்லையா என்று மலையாளத்தில் கேட்கிற சாதாரண வார்த்தை. காய்ச்சலில் கிடக்கிற ஆளை, பஸ்ஸுக்கு நின்று கால் வலிக்கிற ஆளை யாரும் கேட்கிறதுதான். முப்பிடாதி தலையை அசைத்தாள். அனில் கையிலிருந்த கோலா பாட்டிலைத் திறந்து, தான் பாதி குடித்து வைத்திருந்ததை அவள் வாயில் சாய்த்தான்.

அம்மன் வாயில் சாராயம் ஊற்றுகிறான் என்று ஒரு பெண் அலறினாள். பாண்டித்துரை அண்ணாச்சியின் கை ஓங்கியதை யாரும் பார்க்கவில்லை, விழுந்த சத்தத்தைத்தான் கேட்டார்கள். மூட்டை தூக்கிப் பழகிய கை. அனிலின் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. பாட்டிலைப் பிடித்திருந்த கை மட்டும் அசையவில்லை. அவள் ஒவ்வொரு வாயாக விழுங்கினாள்.

"சேச்சிக்கு வய்யா" என்றான் அனில், ஆனந்தகுமாரைப் பார்த்து. "வண்டி எடு சேட்டா."

அந்தக் கூட்ஸ் ஆட்டோவில் வெங்காயச் சருகுக்கு நடுவே, மாலையும் மஞ்சளுமாக அம்மன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். நர்ஸ் எந்த நாடகக் கம்பெனி என்று விசாரித்தாள். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இறங்கியிருந்தது என்று பார்த்த டாக்டர், மாத்திரையையும் பட்டினியையும் சேர்த்து வைத்துக்கொண்ட கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எழுப்பியிருக்க முடியாது என்று சொன்னார். வழியில் இனிப்பாக ஏதோ கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் உயிரைப் பிடித்து வைத்தது என்றார். பாட்டிலில் கோலாதான் இருந்தது என்பது இப்படியாக மருத்துவ ரீதியில் நிரூபணமானது.

மறுநாள் கன்னம் வீங்கிப் போய் அனில் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"உனக்கு எப்படிலே தெரிஞ்சது?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"எனிக்கு ஒண்ணும் அறியில்லா சேச்சி. எல்லா வருஷமும் உங்க முகம் பாக்குறதுதானே எனக்குப் பணி? அம்மன் வரும்போ உங்க முகத்துல பயம் இருக்காது. இந்த வாட்டி இருந்துச்சு. அதான் கேட்டேன்."

"அடிச்ச பெறகும் பாட்டிலை எடுக்கலையே."

"நீங்க குடிச்சிட்டு இருந்தீங்களே" என்றான் அவன், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

அவன் போன பிறகு முப்பிடாதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து நிம்மதியாக அழுதாள். துக்கம் ஒன்றும் இல்லை. இத்தனை காலம் அம்மனாக நின்று எத்தனையோ பேரின் குறையைக் கேட்டிருக்கிறாள். அவளை ஒருத்தன் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவளுக்கு விடிகிற ஒவ்வொரு நாளும் இனாமாகக் கிடைத்த நாளாகத் தெரிந்தது. தோப்பும்படிப் பக்கமிருந்து வருகிற மீன்காரியின் கூவல், காலைச் சாயாவின் சூடு, பாண்டிச்செல்வி தலை சீவிக்கொண்டே மலையாளப் பேப்பரை வாசிக்கிற சத்தம் எல்லாமே அந்தக் கோலாவில் ஒட்டி வந்தவை என்று நினைத்துக்கொள்வாள். மனம் நிறைந்து போகும். கோடவுனில் எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிற வங்காளத்துப் பெண் ஒருத்தி, வந்த நாளிலிருந்து யாரிடமும் சிரித்ததில்லை. திமிர் பிடித்தவள் என்று முப்பிடாதி எப்போதோ அந்தப் பக்கம் தள்ளி வைத்திருந்தாள். ஒரு நாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய், "வய்யே?" என்று கேட்டாள். பல் வலி. வந்த நாளிலிருந்தே பல் வலி. சுக்குக் குவியலுக்கு மேலேயே அந்தப் பெண் உடைந்து அழுதுவிட்டாள். கேட்கிறதுக்கு எனக்கு இத்தனை வருஷம் ஆச்சே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை முப்பிடாதிக்கு.

இதற்கிடையில் சந்தில் வேறொரு கதை வளர்ந்துகொண்டிருந்தது. அம்மன் முதலில் முப்பிடாதி மேல் வந்தாளாம். உடம்பு தாங்கவில்லை என்று கண்டதும் அவளை விட்டு இறங்கி, அனில் மேல் ஏறி, அவன் கையாலேயே தீர்த்தம் கொடுத்துக் காப்பாற்றினாளாம். அன்றைக்கு அம்மனுக்கு உட்கார நேரமில்லை என்று சொல்ல வேண்டும். கலூர் கடையில் பாண்டிச்செல்வியைப் பெர்மனென்ட் ஆக்கியதும் கதைக்கு இன்னும் பலம் வந்துவிட்டது. பாண்டித்துரை அண்ணாச்சிதான் பாவம், அம்மனையே கன்னத்தில் அறைந்துவிட்டோமே என்று நடுங்கிப் போனார். கோயிலை உருண்டு வலம் வந்தார், தேங்காய் உடைத்தார், சன்னதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்டார். மோசமான மனுஷர் இல்லை அவர். பக்தி முற்றிப் போனவர், அவ்வளவுதான்.

அனிலின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவனைக் கண்டதும் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டார்கள். ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து நெற்றியில் திருநீறு பூசச் சொன்னாள். முன்பு அவனோடு உட்கார்ந்து சீட்டு ஆடியவர்கள் எழுந்து நின்றார்கள். சந்துக்குள் ஒரு பீடி பற்ற வைக்க வழியில்லை. சித்திரை பிறந்ததும் முப்பிடாதி வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சேச்சி, என்னை ரட்சிக்கணும். கொடைக்கு எனக்கு மாலை போடணும், தலையில பட்டு கெட்டணும்னு அண்ணாச்சி சொல்றாரு. மைக்ல அம்மன்னு விளிச்சுச் சொல்லப் போறாராம். முன்னே யாரும் என் கிட்டே வரமாட்டாங்க, இப்பவும் யாரும் வர்றதில்ல. ஞான் வெறும் மனுஷனாக்கும் சேச்சி."

முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. கயிறு அப்படியேதான் இருக்கிறது, முன்பு கீழே கட்டியிருந்ததை இப்போது மேலே கட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என் மேல அம்மன் வரல. எனக்குத் தெரியும்லா?"

அண்ணாச்சி தராசைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார். "வரலன்னு நீ சொன்னா, அன்னைக்கு விழுந்து கும்பிட்டவுக எல்லாம் என்ன ஆவாக? நாளைக்கு நீ ஆடும்போது இதுவும் சுகரோன்னு கேக்க மாட்டாகளா? உனக்கு இருக்கிறதே அந்த ஒரு மரியாதைதான் முப்பிடாதி. அதைக் கெடுத்துக்கிடாத."

அவர் சொன்னது நிஜம். கோடவுனில் அவளைப் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை, ஏய் தமிழத்தி என்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நிமிர்ந்து நிற்கிற நாள். அது போய்விட்டால் மிச்சம் முறமும் சுக்குத் தூசியும்தான். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவளுக்கு அந்தப் பயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் எல்லாருக்கும் சந்தோஷம், அனில் ஒருத்தனைத் தவிர.

கொடை அன்று காலையில் பாண்டிச்செல்வி ஒரு கும்பா கஞ்சியை நீட்டி, "அம்மன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன், குடிங்கம்மா" என்று முழுசும் குடிக்க வைத்தாள். மத்தியானம் சந்து நிறைந்தது. மேளம் போடுவதற்கு முன் அண்ணாச்சி கையில் மைக்கைப் பிடித்தார். பக்கத்தில் தாம்பாளத்தில் ரோஜா மாலையும் பட்டும் இருந்தன. போன வருஷம் அனில் ரூபத்தில் வந்து அருள் செய்த தாய் என்று ஆரம்பித்தார். அனில் ஸ்பீக்கருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

முப்பிடாதி எழுந்து போய் மைக்கைக் கேட்டாள். சாமியாடி கேட்கும்போது மறுக்க முடியாது.

"போன வருஷம் என் மேல அம்மன் வரல" என்றாள். "சுகர் கொறைஞ்சு, சாகப் போனேன். நீங்க எல்லாரும் என்னைக் கும்பிட்டுக்கிட்டு நின்னீக. எம் புருஷனும் நின்னாரு, நான் பெத்த பிள்ளையும் நின்னா. உங்க மேல கோவம் இல்ல. உங்க எடத்துல நான் நின்னாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். என்னைய மனுஷியாப் பாத்தது அவன் ஒருத்தன்தான். அவனைப் போய் அம்மன்னு சொல்லுதீக."

அவள் மைக்கை வாயோடு இன்னும் ஒட்டிப் பிடித்தாள்.

"வந்தது அனில்தான். அம்மன் வந்து காப்பாத்தினான்னா, அது தெய்வத்துக்கு வழக்கமான வேலை. இவனுக்கு என்ன வந்துச்சு? நான் கயிறு கட்டி ஒதுக்கி வெச்சவன். அடி வாங்கிக்கிட்டே என் உசிரைப் பிடிச்சு வெச்சான். அதை அவன்கிட்ட இருந்து பிடுங்கி அம்மனுக்குக் குடுக்காதீக. அவளே வாங்க மாட்டா. எனக்கு நன்றி சொல்லணும். அம்மனுக்குத் தெனமும் சொல்லுதேன். இவனுக்கு இவன் பேரைச் சொல்லித்தான் சொல்ல முடியும்." அவள் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். "அனிலே, நீ நல்லா இருக்கணும்யா."

பின் அண்ணாச்சியைப் பார்த்தாள். மைக்கை இறக்கிவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மன் கால்ல விழுந்துட்டீக. அடி வாங்கினவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே அண்ணாச்சி" என்றாள்.

பாண்டித்துரை அண்ணாச்சி மாலையைத் தாம்பாளத்திலேயே விட்டுவிட்டு, கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனார். அனில் பதறி எழுந்தான்.

"தம்பி, அன்னைக்கு உன்னை அடிச்சிட்டேன்."

"சாரமில்லா அண்ணாச்சி, பரவால்ல."

"வலிச்சுதா?"

ஒரு வருஷமாக அவன் காலில் விழுந்தவர்கள் உண்டு, அவனிடம் குறி கேட்டவர்கள் உண்டு. இதை யாரும் கேட்டிருக்கவில்லை. அனிலின் கண் கலங்கியது.

"வலிச்சு" என்றான். "ரெண்டு நாள் ஒரு பக்கம்தான் சவைக்க முடிஞ்சது."

அண்ணாச்சி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.